உன் பத்து நிமிடத்தில் அவர்கள் டீ குடித்தார்கள்

கரும்புச் சாற்று வண்டியின் வாசனை நேற்று மண்டபத்து வாசலில் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. இஞ்சியும் எலுமிச்சையும் சேர்ந்து நசுங்குகிற அந்தப் பச்சை வாசனை. உள்ளே உனக்கு இரங்கல் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். வண்டிக்காரர் சக்கையை மடித்து மறுபடியும் உருளைக்குள் கொடுத்தார். என்னையறியாமல் "ஏனுங்க, கையைப் பாத்துங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். நீயாக இருந்தால் அங்கேயே நின்று அவருக்கு ஒரு வகுப்பு எடுத்திருப்பாய். உருளைக்குத் தடுப்பு போடும்வரை சாறும் குடித்திருக்க மாட்டாய்.

நான் ஏன் எழுந்து வந்தேன் என்று கேட்பாய். உன் தம்பி மைக்கைப் பிடித்தான், அதனால்தான். இப்போது அவன் பெரிய மில்காரன், மேடையில் நன்றாகவே பேசுகிறான். "எங்கக்காவ வெளிநாட்டுல பேசறதுக்கு டிக்கெட்டெல்லாம் குடுத்துக் கூப்பிட்டாங்க. என்ற கல்யாணத்துல இணைச்சீர் செய்யோணும்னு அதையே வேண்டாம்னுபோட்டாங்க. அந்த மனசு யாருக்குங்க வரும்?" என்றான். கூட்டம் கைதட்டியது. இரங்கல் கூட்டத்தில் கைதட்டுகிற ஜனங்களை நேற்றுதான் பார்த்தேன். அதோடு விட்டானா? உன் பெயரில் வருடம் ஒரு இளம் டாக்டரை வெளிநாட்டு மாநாட்டுக்கு அனுப்பப் போகிறானாம். அதற்கு ஒரு தேர்வுக் குழுவாம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரையும் அதில் வாசித்தான். அந்த இடத்தில்தான் எழுந்தேன்.

விட்டுக்கொடுத்தவளாம் நீ. பிடுங்கிக்கொண்டதற்கு நம் ஊரில் இப்படியொரு பெயர்.

நாம் வேலைக்குச் சேர்ந்த காலம் நினைவிருக்கிறதா? வெல்லம் காய்ச்சுகிற ஆலைகளிலிருந்தும் விசைத்தறிக் கூடங்களிலிருந்தும் நம் வார்டுக்கு ஆட்கள் வருவார்கள். ஆள் வருகிறார் என்று நாம் சொன்னதேயில்லை. அந்தியூர்க் கை வந்திருக்கிறது, பவானிக் கை வந்திருக்கிறது என்றுதான் பேச்சு. நசுங்கிய கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார்கள். பெரிய டாக்டர்கள் எல்லோரும் மணிக்கட்டோடு எடுத்துவிடச் சொல்வார்கள். நீ மாட்டேன் என்பாய். "வெட்டறதுக்கு எதுக்குப்புள்ளே இத்தனை வருசம் படிக்கோணும்? அருவா போதுமே" என்பாய். கழுவுவாய், இரண்டு நாள் பொறுப்பாய், மறுபடி கழுவுவாய். எது பிழைக்கும் எது பிழைக்காது என்று தெரிந்த பிறகு கையை வயிற்றுத் தோலுக்கு அடியில் செருகித் தைத்துவிடுவாய். மூன்று வாரம் கழித்துப் பிரித்தால் கைக்குப் புதுத் தோல் இருக்கும். நான் தலைமாட்டில் உட்கார்ந்து மயக்கம் கொடுத்துக்கொண்டிருப்பேன். "நீ பாட்டுக்கு ஆளைத் தூங்கவெச்சுப்போட்டு நிம்மதியா உக்காந்துக்கற" என்று என்னைச் சீண்டுவாய்.

அதற்குப் பிறகுதான் உன் கடலைக்காய் வைத்தியம். தோல் ஒட்டினால் மட்டும் போதுமா, விரல் மடங்க வேண்டாமா? ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு முறம் கடலைக்காயை வைத்து உரிக்கச் சொன்னாய். முதல் வாரம் ஒரு காய் உடைபடாது. ஆட்கள் கண்ணீர் விடுவார்கள். அப்புறம் ஒன்று உடையும், பிறகு ஒரு பிடி. வார்டு பூராவும் தொலி. கூட்டுகிற அம்மா உன்னைத் திட்டாத நாள் இல்லை. வீட்டுக்குப் போன ஆட்கள் தறிக்குத் திரும்பினார்கள், ஏர் பிடித்தார்கள். அதைத்தான் நீ ஆங்கிலத்தில் கட்டுரையாக எழுதி அனுப்பினாய்.

பதில் வந்த நாள் நீ ஆபரேஷன் உடுப்போடு ஓடிவந்தாய். ஸ்டாக்ஹோமில் கை அறுவை மருத்துவர்களின் உலக மாநாடு. வளரும் நாடுகளின் இளம் மருத்துவர்களுக்குப் பயண உதவித்தொகை. போக வர விமானக் கட்டணம், தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நீ செய்ய வேண்டியது மேடையேறிப் பத்து நிமிடம் பேசுவது மட்டும். "நம்மள வளர்ற புள்ளைங்கிறாங்க. எவ்வளவு வளந்திருக்கறோம்னு காட்டிப்போட்டு வாரேன்" என்று சிரித்தாய். ஊர் சுற்றிப் பார்க்க நீ ஆசைப்படவில்லை. துண்டான விரலை நுண்ணோக்கி வைத்து ஒட்டுகிறவர்கள் அங்கே வருவார்கள். அவர்களில் ஒருவரிடம் மூன்று மாதப் பயிற்சிக்கு இடம் கேட்க வேண்டும் என்பதே உன் திட்டம். நம் வார்டில் வாளியில் போட்டுக்கொண்டிருந்த விரல்களுக்காகத்தான் நீ போக நினைத்தாய்.

தலைமை மருத்துவர் லீவு தர முதலில் மறுத்தார். "கரும்பாலைக் கையெல்லாம் ஸ்டாக்ஹோம்ல யாருக்கும்மா வேணும்?" என்றார். வேண்டும் என்று அவர்கள்தான் கடிதம் எழுதியிருந்தார்கள், அவருக்கு அது உறைக்கவில்லை. நீ தினமும் அவர் அறை வாசலில் போய் நின்று லீவை வாங்கினாய். பாஸ்போர்ட்டுக்குத் திருச்சிக்கு அலைந்தாய். கிராஸ்கட் ரோட்டு ஸ்டுடியோவில் ஸ்லைடு போடக் கொடுத்தபோது அந்த ஆள் படங்களைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க டாக்டரம்மா, இதையெல்லாம் போட்டுக் காட்டுனா அவங்களுக்குச் சோறு எறங்குமுங்களா?" என்று கேட்டார். உன் வீட்டுக்காரர் ஊட்டிக்குப் போய் உனக்கு ஸ்வெட்டர் வாங்கி வந்தார். அந்த மனிதரை இதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

வெளியே இருந்த தடையையெல்லாம் தாண்டிவிட்டாய். வீட்டு வாசலில்தான் விழுந்தாய்.

தம்பிக்கு வெள்ளகோவிலில் பெண் அமைந்தது. முகூர்த்தம் வைகாசிக் கடைசியில், சரியாக நீ மேடையேற வேண்டிய நாளில். ஆனியிலும் நல்ல நாள் இருந்தது. ஆனால் அன்றைக்கு அந்த மண்டபம் கிடைக்கவில்லையாம். ஒரு மண்டபத்துக்காக. நீ அம்மாவிடம் கெஞ்சினாய், நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையோடு பிறந்தவள் மேடையில் நின்று, கூறைச்சேலையின் ஒரு முனையை அவனிடம் கொடுத்து மறுமுனையைத் தான் பிடித்துச் செய்கிற இணைச்சீர் இல்லாமல் நம் பக்கத்தில் கல்யாணம் இல்லை, எனக்கும் தெரியும். அதற்குத்தான் உன் சித்தப்பா மகள் தயாராக இருந்தாளே. ஒன்றுவிட்ட தங்கை செய்வது புதிதா? அம்மா கேட்கவில்லை. "கூடப்பொறந்தவ குத்துக்கல்லாட்ட இருக்கறப்போ சித்தப்பன் மக செஞ்சா நாலு பேரு என்ன கண்ணு சொல்லுவாங்க? ஏரோப்ளேன் எங்கயும் போயிறாது" என்றார்கள். அவர்களுக்கென்ன, ஏரோப்ளேன் தினமும் போகும். உதவித்தொகையை இன்னொருவருக்கு மாற்ற முடியாது, தள்ளிப்போடவும் முடியாது. அடுத்த மாநாடு மூன்று வருடம் கழித்துத்தான், அதற்குள் அவர்கள் வைத்த வயதை நீ தாண்டிவிடுவாய். இதையெல்லாம் நீ சொன்னாய். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர்கூடக் குரல் உயர்த்தவில்லை. நம் ஊரில் கழுத்தை அறுத்தாலும் மரியாதை குறையாமல்தான் அறுப்பார்கள். தம்பியும் அங்கேதான் இருந்தான். "நீங்க இல்லாட்டி எப்படிங்கக்கா?" என்றான்.

வர முடியவில்லை என்று நீ ஸ்டாக்ஹோமுக்கு எழுதிப் போட்டுவிட்டாய்.

கல்யாணத்தன்று காலையில் நீ அரக்குப் பட்டுடுத்தித் தலை நிறையப் பூ வைத்து மேடைக்குக் கீழே தயாராக நின்றாய். மாப்பிள்ளை மேடையில் இருந்தான். சடங்கு நடத்திவைக்கிற அருமைக்காரர் உன்னைக் கூப்பிடப் போகிற நேரம். பெண் வீட்டிலிருந்து ஒரு பெரியம்மா வந்து உன் அம்மாவைத் தனியாக அழைத்துப் போனார். திரும்பி வந்த உன் அம்மா உன் கன்னத்தைத் தொட்டு, "கண்ணு, தப்பா நெனச்சுக்காத. உனக்கு இன்னும் குழந்தை இல்லீன்னு பொண்ணூட்டுக்காரங்க சங்கடப்படறாங்க. நல்ல காரியத்துல எதுக்கு வம்பு? சின்னவளே செஞ்சுபோடட்டும்" என்றார். சின்னவள் என்றால் யார்? அதே சித்தப்பா மகள். நாலு பேர் ஏதாவது சொல்வார்கள் என்று யாரை வேண்டாமென்றார்களோ, அவளேதான்.

நீ "சரிம்மா" என்றாய்.

இன்றும் அந்த ஒரு சொல்லை நினைத்தால் எனக்கு உன் மேல் ஆத்திரம் வருகிறது. போனவள் என்று பார்க்காமல் சொல்கிறேன். உன் கையைப் பிடித்து இழுத்து, "கெளம்பு, இப்பவே போலாம்" என்றேன். "பந்தி முடியட்டும்புள்ளே" என்றாய். அரக்குப் பட்டின் முந்தானையைச் செருகிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கிப் பரிமாறப் போய்விட்டாய். அன்றைக்குத்தான் ஸ்டாக்ஹோமில் உன் பெயரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

பிறகு மாநாட்டுச் செயலாளரிடமிருந்து மிக நாகரிகமான ஒரு கடிதம் வந்தது. நீங்கள் வராததில் வருத்தம், உங்கள் நேரம் காலியாக இருந்ததால் அன்று அவை சற்று முன்பே தேநீருக்குக் கலைந்தது என்று எழுதியிருந்தார். அதை என்னிடம் காட்டி, "என்னால அவங்களுக்கு வெரசா டீ கெடச்சுது பாரு" என்று நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயிற்சிக்கு இடம் கேட்க உனக்கு வேறு வழி கிடைக்கவேயில்லை. நுண்ணோக்கி நம் மருத்துவமனைக்கு வந்தபோது உன் தலை நரைத்திருந்தது. இடையில் எத்தனை பேரின் விரல்கள் வாளிக்குப் போயின என்று உன் தம்பியின் மேடையில் எவனும் சொல்லவில்லை.

இன்று காலை அவன் என் வீட்டுக்கு வந்தான். உன் பெயரிலான உதவித்தொகைக்கு விதிகள் தயாராகிவிட்டனவாம், நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். படித்துக்கொண்டே வந்தேன். திருமணமான பெண் மருத்துவர்கள் குடும்பத்தாரின் சம்மதக் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு வரி. யார் போட்டது என்று கேட்டேன். "பின்னால ஊட்ல பிரச்சனை வந்தறக் கூடாதுன்னு நாந்தானுங்கக்கா போடச் சொன்னேன்" என்றான். மரியாதையாக, தலையைச் சாய்த்துக்கொண்டு. உன் பெயரை மேலே எழுதி, உன்னை நிறுத்திய கயிற்றையே கீழே கட்டியிருக்கிறான். இதில் ஏதோ தப்பு இருப்பதாக அவனுக்குத் தோன்றவேயில்லை. பேனாவை எடுத்துக் காகிதம் கிழிகிற அளவுக்கு அந்த வரியை அடித்தேன்.

அப்புறம்தான் அவனிடம் அதைக் கேட்டேன். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், தியேட்டரில் ஒரு தறிக்காரரின் கையைத் தைத்துக்கொண்டே, தலை நிமிராமல் நீ என்னிடம் சொன்னதை. "அம்மா சொன்னதுக்குக்கூட எனக்கு ஒண்ணும் ஆகலப்புள்ளே. மேடையில இருந்து அவன் என்னையப் பாத்தான். எங்கக்காதான் செய்யோணும்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு நின்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்." அவ்வளவுதான். நர்சிடம் நூல் கேட்டு வாங்கித் தையலைத் தொடர்ந்தாய். அதற்குப் பிறகு நீ அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

"தம்பி, அன்னைக்கு நீ அவளப் பாத்தியா இல்லையா?" என்று கேட்டேன்.

காபி ஆறிக்கொண்டிருந்தது. தம்ளரைத் தள்ளி வைத்தான். "பாத்தனுங்கக்கா" என்றான். அப்புறம், "அப்போ எனக்கு என்னங்க தெரியும்?" என்றான்.

"உனக்கு அப்போ இருபத்தெட்டு வயசு. இதை அந்த மைக்குல சொல்லு. அப்புறம் உன்ற குழுவுக்கு வாரேன்" என்றேன்.

எழுந்து போய்விட்டான். வாசலில் செருப்பைப் போடும்போதுகூட "வாரனுங்கக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

நீ இருந்திருந்தால் என்னைத்தான் கோபித்திருப்பாய், அவனை எதற்குப் படுத்துகிறாய் என்று. நீ மன்னித்துவிட்டாய், எனக்குத் தெரியும். மன்னிப்பதும் பரிமாறுவதும் உனக்குக் கைவந்தவை. எனக்கு அவை வராது. அவன் ஊர் கேட்க உண்மையைச் சொல்கிற நாள் வரைக்கும், தலை நிறையப் பூவோடு, தம்பியின் ஒரு வார்த்தைக்காக அந்த மேடைக்குக் கீழே நீ எனக்கு நின்றுகொண்டுதான் இருப்பாய்.