ஒரு விரலால் திறக்கும் கத்தி

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். நீயும் அங்கே உடம்பைக் கவனித்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்துவிடாதே. அவளுக்கு ஒன்றுமில்லை. அவள் எழுதும் கடிதங்களின் கடைசியில் ‘அப்பாவும் விசாரித்தார்’ என்று ஒரு வரி வருமே, அந்த வரிக்குச் சொந்தக்காரன் இந்த முறை தானே உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீட்டுச் சமாச்சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. உன் அக்கா மகளுக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன. பேசினால் பாதி காற்றுதான் வருகிறது, ஆனாலும் பேச்சு குறையவில்லை. எனக்கு முழங்கால் வலி. முப்பது வருஷம் தரையில் மண்டிபோட்டவனுக்கு வேறெங்கே வலிக்கும் என்கிறார் டாக்டர். இதைச் சொல்ல அவருக்குப் படிப்பு வேறு. வேலை நிறைய இருக்கிறது. போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டு வகுப்பறைகளுக்குத் தரை ஷீட் ஒட்டினோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பையில் கத்தி வைத்துக்கொண்டு வெளியே நடமாடுவதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வரப்போவதை நீயும் பேப்பரில் படித்திருப்பாய். விரல் நீளத்துக்கு மேல் அலகு இருக்கக்கூடாது. ஒரு கையால் திறக்கிற மடக்குக் கத்தி எந்த நீளமானாலும் கூடாது. தொழிலுக்கு வேண்டுமென்றால் அனுமதி அட்டை வாங்க வேண்டும். எங்கே போனாலும் இதே பேச்சுதான். முடிவெட்டும் கடையில், பழம் நறுக்குவதற்குக்கூட போலீஸைக் கேட்கணுமா என்று ஒருவர் எகிறினார். வீட்டில் உட்கார்ந்து நறுக்கித் தின்னேன், யார் வேண்டாமென்றது என்றார் இன்னொருவர். கடைக்காரர் சட்டமே வேண்டாம் என்கிற கட்சி. அவர் சவரக்கத்தியை ஆட்டி ஆட்டிப் பேசியதில், நாற்காலியில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தவர் சட்டம் வரட்டும் என்ற பக்கம் சேர்ந்துவிட்டார்.

பொதுமக்கள் கருத்தைக் கேட்க நகரசபையில் ஒரு கூட்டம் போட்டார்கள். எங்கள் சங்கச் செயலாளரை உனக்குத் தெரியும், மைக்கைக் கண்டால் விடமாட்டார் என்று ஒலிபெருக்கி என்போமே, அவர் வீடு தேடி வந்தார். “அண்ணே, நீங்க பேசினாத்தான் எடுபடும். பையன் ஜெயிலுக்குள்ள இருந்தும் அப்பன் தொழிலுக்காகப் பேசுறாருன்னா யாரும் வாய் திறக்க முடியாது” என்றார். சமையலறையில் உன் அம்மா பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். அவரை அப்போதே வெளியே அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் அட்டை கைக்கு வர மாதக்கணக்காகும், அதுவரை எங்களில் பலருக்கு வேலை நின்றுபோகும். அதனால் சரி என்றேன்.

கூட்டத்துக்குப் போனால் வாசலிலேயே ஒரு கூத்து. உள்ளே போகிறவர்கள் கத்தியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றார் காவலர். கத்தி எங்கள் கருவி, ஆயுதமல்ல என்று சொல்ல வந்த கூட்டம் வரிசையில் நின்று ஒரு பிளாஸ்டிக் தட்டில் கத்திகளைப் போட்டு டோக்கன் வாங்கியது. தட்டு நிரம்பி, இரண்டாவது தட்டு கொண்டு வந்தார்கள். மரவேலைக்காரர் ஒருவர் தன் உடம்பிலிருந்து மட்டும் நான்கு எடுத்தார். நாலாவது இருப்பது அவருக்கே தெரியாது.

என் முறை வந்தது. சங்கம் எழுதிக் கொடுத்த தாளை மடித்து வைத்துவிட்டு, தெரிந்ததைச் சொன்னேன். ஷீட்டை இடது கையால் சுவரோரம் அழுத்திப் பிடித்திருப்போம். பசை காய்வதற்குள் வெட்டியாக வேண்டும். கத்தியைத் திறக்க இடது கையை எடுத்தால் ஷீட் எழும்பிவிடும், வெட்டு கோணலாகிவிடும். அதனால் புதுக் கத்தி வாங்கிய அன்றே அதன் திருகாணியைக் கால் சுற்று தளர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கட்டைவிரல் பட்டாலே திறக்கும்படி செய்துகொள்வோம். எங்கள் தொழிலில் இதைச் செய்யாத ஆள் கிடையாது. சபைக்காரர்கள் தலையாட்டினார்கள். ஒலிபெருக்கி கைதட்டினார்.

அடுத்துப் பேச வந்தது சலவைக்கடை அம்மா. நீ குத்திய பையனின் தாய். அவனுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்குவதில்லை, அது உனக்கும் தெரியும். நான் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கோர்ட்டில் பத்து நாள் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். இருந்தும் அவர் என்னைக் கை காட்டவில்லை. “அவரு சொன்னது எனக்குப் புரியுது. ஆனா என் மகனைக் குத்தின கத்தியும் அப்படித்தான் தளர்த்தி இருந்துச்சு. குத்தினவன் கிடங்குல மூட்டை தூக்குறவன். அவனுக்கு எந்தத் தரையில ஷீட் ஒட்டணும்? குத்தறதுக்குன்னே தயார் பண்ணி வச்சிருக்கான்னு கோர்ட்டே சொல்லுச்சு” என்றார். சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்தேன். ஒலிபெருக்கி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்தக் கத்தியைத் தளர்த்தியது நான், என் மகன் அல்ல என்றேன். அது என் பழைய வேலைக் கத்தி. ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் அவன் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். மறுநாள் நான்தான் அதை அவன் பையில் போட்டேன், ‘எடுத்துக் காட்டினாப் போதும், ஓடிடுவானுங்க’ என்று சொல்லி. வேண்டாம்ப்பா என்றவனை அதட்டினேன். எல்லாவற்றையும் மைக் இல்லாமலே சொன்னேன்.

கோர்ட்டில் வக்கீல் கேட்டபோது, கடையில் வாங்கினேன், நானேதான் தளர்த்தினேன் என்று நீ சொன்னாய். சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்த பெஞ்சுக்கடியில் ஷீட்டின் ஓரம் எழும்பியிருந்தது, எவனோ அவசரத்தில் ஒட்டியிருக்கிறான். நீதிபதி குத்தியதற்கு மூன்று வருஷம், கத்தியைத் தயார் செய்து வைத்திருந்ததற்கு மேலும் இரண்டு வருஷம் என்று வாசித்து முடிக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலை போய்விடும், அம்மா தனியாகிவிடுவாள் என்று அப்புறம் ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. பயந்துவிட்டேன்.

சபை இன்னும் முடிவெடுக்கவில்லை, அடுத்த மாதம் ஓட்டு. நான் காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்கிறது சங்கம். கூட வேலை செய்யும் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. இந்தச் சட்டம் அன்று இருந்திருந்தால் உன் பையில் கத்தியைப் போட்டிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். போட்டிருப்பேன். சட்டம் மற்றவர்களுக்கு என்றுதான் நினைத்திருப்பேன். ஆனால் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் உன் கையில் இருந்திருக்கும். இது சங்கத்துக்குப் புரியாது. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது சலவைக்கடை அம்மா என்னிடம் வந்து, “இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

வக்கீலைப் பார்த்தேன். கூடுதலாகப் போட்ட இரண்டு வருஷத்தை எதிர்த்து மனு போடலாம் என்கிறார். அன்று கோர்ட்டில் சொன்னது பொய் என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உண்மையை மறைத்ததற்கு என்மேல் வழக்கு வரலாமாம். வரட்டும். தாள் இதோடு வருகிறது, நீ போட வேண்டிய இடத்தில் அவர் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறார். நீ மாட்டேன் என்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு? பெரிய மனுஷன் மாதிரி, ரெண்டு வருஷம்தானே, ஓடிடும்ப்பா என்பாய். என்னைக் காப்பாற்றியது போதும். இனிமேல் வேண்டாம். கையெழுத்துப் போடு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பார்க்க வருகிறவர்களின் பட்டியலை நீதான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். பதினான்கு மாதமாக அதில் அவள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. என் பெயரை நீ எழுதவில்லை, எழுது என்று நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் ஆறு மணி நேரம் பஸ்ஸில் அவளோடு வந்து, எதிரிலிருக்கும் நிறுத்தத்தில் அவள் வெளியே வரும்வரை உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

மனுவைப் பற்றி யோசிக்க நாளாகும் என்றால் யோசி. பட்டியலுக்கு நாளாக்காதே. அதில் உறவு என்று ஒரு கட்டம் இருக்குமாம். அப்பா என்று எழுது, நான் உள்ளே வந்துவிடுகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், சாமி.

அப்பா