ஸ்பிரிங் பெட்டியைத் தேடாதே

ஹஸ்ஸான்,

ஆணம் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக்கொள். நீ வாங்கிவைத்த வால்வு ஸ்பிரிங் பெட்டியோடு அத்தா மதுரைக்குப் போயிருக்கிறார், மாற்றி வாங்க. நேற்றுச் சண்டையால் உன்னிடம் பேசமாட்டாராம், என்னிடம் சொன்னார்.

"இருக்குறதுலயே முரட்டு ஸ்பிரிங்க வாங்கியிருக்கான். அது அமுக்குற அமுக்குல புது கேம்ஷாஃப்ட் தேஞ்சுரும்."

"அப்ப காருல இருக்குற பழசே போதுமாங்க?"

"புது கேம் வால்வ அதிகமாத் தொறக்குது, டர்போ காத்து வேற முட்டுது. பழசு மூடப் பிந்துனா வால்வு பிஸ்டன்ல இடிக்கும். கேமுக்குன்னு கம்பெனி சொன்ன அளவுதான் போடணும்."

நீ ஓட்டிவிடாதபடி கார் சாவியும் அவரிடம்தான்.

அம்மா

பின்குறிப்பு: சாயங்காலம் மாட்டும்போது லைட் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமாம். யாரென்று சொல்லவில்லை. எங்கும் போய்விடாதே.