மேனேஜரைப் பிடித்துக்கொண்ட கதை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பா, நான், நீ விட்டுப்போன பூனை மேனேஜர் மூவரும் நலம். மேனேஜர் நலம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் நீ கடைசி வரிக்குத் தாவிவிடுவாய். நீயும் நலம் என்றே நினைத்துக்கொள்கிறேன், கேட்டால் நல்லா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன் என்பதோடு சரி.

போன வாரம் அவனுக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. மண் தட்டில் போய் உட்காருவான், முக்குவான், ஒரு சொட்டு வராது, கத்துவான். வயிறு கல்லாக இருக்கவே கூடையில் அள்ளிப்போட்டுக்கொண்டு கால்நடை டாக்டரம்மாவிடம் ஓடினோம். தொட்டுப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது, இன்றே குழாய் வைத்து எடுக்காவிட்டால் பிழைக்காது, அதற்கு முதலில் மயக்க ஊசி போட வேண்டும் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பாவோ, பூனையைக் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கினால் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும் என்று வீரம் பேசிக் கூடைக்குள் கையை விட்டார், முழங்கைவரை கோடு போட்ட நோட்டாகிவிட்டது. விடுங்க சார், அமுக்கினா அது உயிருக்குப் போராடும் என்று டாக்டரம்மா அவரை மூலைக்கு அனுப்பினார். கூடையின் மேல்மூடியைக் கழற்றி, கனமான துண்டைப் போட்டு, தலை மட்டும் தெரியும்படி சுற்றி என்னிடம் கொடுத்தார். பக்கத்தில் நின்று அணைத்துக்கொள்ள வேண்டும், நெரிக்கக் கூடாது. நானும் அணைத்துக்கொண்டு ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா என்றேன். சொல்லச் சொல்லக் காதை மடக்கிக்கொண்டு உறுமுகிறான்! டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, இதை வீட்டில் எப்போதெல்லாம் சொல்வீர்கள் என்று கேட்டார். யோசித்தால், குளிப்பாட்டும்போது, மாத்திரை திணிக்கும்போது, நகம் வெட்டும்போது. அப்ப ஒண்ணுமில்லன்னா ஏதோ வரப்போகுதுன்னு அவனுக்கு அர்த்தம், சும்மா இருக்கறப்ப தினமும் என்ன பேசுவீங்களோ அதைப் பேசுங்க என்றார்.

சும்மா இருக்கும்போது நான் அவனிடம் பேசுவது உன்னைப் பற்றித்தான். வேறு வழி? அந்த இரும்பு மேசையருகே, நாயும் பூனையுமாகக் காத்திருந்தவர்கள் காதில் விழ, அக்கா இன்னைக்கும் போன் பண்ணலடா, போட்டோவுல இளைச்சுப் போயிட்டா, வேளாவேளைக்குச் சாப்பிடறாளோ என்னவோ என்று ஆரம்பித்தேன். உறுமல் நின்றது, காது நிமிர்ந்தது, ஊசி போனதே அவனுக்குத் தெரியவில்லை. அப்பா சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையையே முறைத்துக்கொண்டிருந்தார், பிறகு வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். வந்தும் மண் தட்டுப் பக்கமே போகவில்லை. நேற்றுக் காலை உள்ளேயிருந்து அப்பா போயிட்டான்டி, போயிட்டான் என்று கத்தினார் பார், எனக்கு உயிரே நின்றுவிட்டது. விழுந்தடித்து ஓடினால், இஸ்திரி போட்ட சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். ஒண்ணுக்குத்தான் போயிருக்கிறான்! உன் அப்பாவை நாலு திட்டுத் திட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதேன், அத்தனை நிம்மதி.

நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. அடுத்த வாரம் அவனுக்கு ரத்தம் எடுக்க வேண்டுமாம், நான்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். அன்றைக்கு அவன் மயங்குவதற்குள்ளேயே உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோய்விட்டது. இரண்டு வரியாவது எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா