ஒன்பதாம் மாடி வலை

பூன் லே,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். புருணையில் உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நானும் நம் பிள்ளை இன்ஷாவும் இருக்கிறோம். இது போனில் பேச வேண்டியதுதான். ஆனால் நான் வாயைத் திறந்தாலே, "அப்புறம் பேசுவோம் லா, வேலையில இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பாருங்கள். நாளை அங்கே வேலைக்கு வரும் ஃபாரூக்கிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் முன்னால் பிரிக்காதீர்கள்.

முதலில் தோட்டத்துச் செய்தி. சமூகத் தோட்டத்தில் நம் பாத்திமேல் போட்ட பச்சை வலை ஒரு மூலையில் கிழிந்துவிட்டது. மைனாக்கள் புகுந்து மிளகாயை ஒரு கை பார்த்துவிட்டன. கிழிந்த இடத்தில் தொங்கிய நூலில் ஒரு குருவி கால் மாட்டிக்கொண்டு துடித்தது. கத்தரிக்கோலால் அறுத்துவிட்டேன், பறந்துவிட்டது. இதே மாதிரி வலை வாங்கலாம் என்று உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டு ஃபேரர் பார்க் பக்கத்துச் சாமான் கடைக்குப் போனேன்.

கடைக்காரர், பறவைக்கா பூச்சிக்கா என்று கேட்டார். கீரைக்கு என்றால் கொசுவலை மாதிரி நெருக்கமான வெள்ளை வலையாம், முட்டையிடும் பட்டாம்பூச்சி நுழையாமல் ஓரத்தை மண்ணில் புதைத்துவிட வேண்டுமாம். கத்திரிக்கும் மிளகாய்க்கும் தேனீ வந்துபோகிற மாதிரி பெரிய கண் வைத்த பறவை வலை. அதைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டாவிட்டால் பறவை சிக்கிச் செத்துவிடுமாம். எல்லாம் சொல்லிவிட்டு என் துண்டை வாங்கித் தடவிப் பார்த்தார். "அக்கா, இது தோட்டத்து வலை இல்ல. கட்டடத்துச் சாரத்துல கட்டுறது. மேலேருந்து கிளாம்ப், நட்டு எதாச்சும் விழுந்தா பிடிக்கும். இது எப்படி உங்க கையில?" என்றார்.

தேக்கா கடையில் வாங்கினேன் என்றுதானே என்னிடம் சொன்னீர்கள்? வாங்கிய வெள்ளை வலையையும் பறவை வலையையும் கடையிலேயே மறந்துவிட்டுப் பாதி தூரம் வந்து திரும்பிப் போனேன்.

இளவழகன் அந்த வலையைச் சுமந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? மன்னார்குடிக்காரர், உங்கள் சைட்டில் சாரம் கட்டுபவர், சாரம் கட்டுகிற அதே முடிச்சைப் போட்டுப் பாத்தியைச் சுற்றி இழுத்துக் கட்டினார். நான் விலை கேட்டபோது உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். மத்தியானம் நம் வீட்டில்தான் சாப்பிட்டார். மகள் பிறந்து இன்னும் தூக்கவில்லை என்று போனில் படம் காட்டினார். அடுத்த மாதமே ஒன்பதாம் மாடியிலிருந்து கிளாம்ப் தலையில் விழுந்து இறந்துபோனார். அன்று வீட்டுக்கு வந்து, சாரத்தில் காற்றுக்குக் கிழிந்த வலைக்கு மாற்று வலை ஸ்டோரில் இல்லை, விதி என்று சொன்னீர்கள். அதற்குப் பிறகு, புருணை வேலைக்குப் போகும்வரை, இந்தப் பாத்திக் கீரையை ஒரு வாய்கூட நீங்கள் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றீர்கள். நானும் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், முட்டாள் மாதிரி.

நேற்று உட்லண்ட்ஸ் போனேன், மாசிலாமணி அண்ணன் வீட்டுக்கு. ஸ்டோர் அவர் பொறுப்பு என்பதால் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மாற்று வலை ஒரு சுருள் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்று அவர் சொல்வதை யாரும் நம்பவில்லை. விற்றுத் தின்றுவிட்டார் என்று கூடவே வேலை பார்த்தவர்கள் பேசுகிறார்கள். மனிதர் பாதியாகிவிட்டார், மச்சான். "நான் எல்லாத்துலயும் ஓரத்துல மூணு நீலக் கோடு போடுவேன்மா, அந்தச் சுருள்லயும் போட்டேன்" என்று என்னிடமே திரும்பத் திரும்பச் சொன்னார். அலீம் இங்கே இருந்தால் எனக்காகப் பேசியிருப்பான் என்று உங்களைப் பற்றியும் சொன்னார். என் கைப்பையில் அந்தத் துண்டு இருந்தது. பையைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் மனைவி கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வந்ததும் நேராகத் தோட்டத்துக்குப் போனேன். வலையின் அடி ஓரம், மண்ணை விலக்கிப் பார்த்தேன். மூன்று நீலக் கோடு.

எல்லாரும்தான் சைட்டிலிருந்து எதையாவது கொண்டுவருகிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். சும்மா கிடந்த சுருள், கிழியும் என்று யாருக்குத் தெரியும் என்பீர்கள். எடுத்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். சைட்டில் வலை கிழிந்த அன்றைக்கு இதை அவிழ்த்துக்கொண்டு போயிருக்கலாமே. அரை மணி நேர வேலை. சொல்ல வாய் வரவில்லையா? இளவழகனுக்கும் தெரியும், அவரும் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. உங்கள் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு அந்தச் சாரத்துக்குக் கீழேயே நின்றார்.

இன்று காலை வலையை அவிழ்த்தேன். அவர் போட்ட முடிச்சுகளை வெட்ட மனம் வரவில்லை. நகம் பிய்ந்தாலும் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மண்ணைக் கழுவிச் சுருட்டி வீட்டுக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இன்ஷா ஏன் என்று கேட்டாள். அத்தாவின் சைட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை மாசிலாமணி அண்ணனைக் கடைசியாக விசாரிக்கிறார்கள். புதன் இரவுக்குள் நீங்களே சைட்டுக்குக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுங்கள். சொன்னால், என் கணவர் கொடுக்கச் சொன்னார் என்று வலையைக் கொண்டுபோவேன். சொல்லாவிட்டாலும் கொண்டுபோவேன், ஆனால் அப்போது என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. உங்களுக்கு என்ன ஆகும் என்பதை யோசிக்காமல் எழுதவில்லை. வேலை போகும், அதற்கு மேலும் நடக்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது. இன்ஷாவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. ஆனால் மன்னார்குடியில் ஒரு பிள்ளைக்கு, அப்பா எப்படிச் செத்தார் என்பதாவது தெரிய வேண்டாமா?

அல்லாஹ் உங்கள் நெஞ்சுக்குத் தைரியத்தைக் கொடுக்கட்டும். கடையில் வாங்கிய புது வலையை நான் பிரிக்கவில்லை. அதைக் கட்ட நீங்கள்தான் வர வேண்டும். உடனே வர விடமாட்டார்கள் என்று தெரியும். எத்தனை வருடம் ஆனாலும் எடுத்து வைத்திருப்பேன். அதுவரை மிளகாயை மைனாக்களே தின்னட்டும்.

உங்கள்
உம்மு சல்மா