கூடிப்போன காலடிகள்

அன்புள்ள மச்சானுக்கு, மைமூன் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே ஷார்ஜாவில் மகள் ரிஸ்வானாவும் இருபது நாள் பிள்ளையும் அல்லாஹ் கிருபையால் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் கேட்டால், “எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன்” என்பீர்கள். அதனால்தான் ஊருக்கு வரும் முஜிபுர் ரகுமான் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் கைக்கடிகாரம் எண்ணும் காலடிகள் என் போனில் வருகின்றன அல்லவா? விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு நீங்கள் பள்ளிவாசல் போய்வரும் கணக்கைத் தினமும் நோட்டில் எழுதுகிறேன். நான் புறப்பட்ட வாரம் 820. இப்போது 1,300. அதிகம் நடந்ததற்கென்று நேற்று போனில் உங்களுக்கு ஒரு பதக்கம்கூட வந்தது. “பாத்தியாம்மா, நீ இல்லாம அத்தா ஜாலியா சுத்துறாக!” என்று ரிஸ்வானா சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

தொழுகை முடிந்தால் நேரே வீட்டுக்கு வருகிறவர் நீங்கள். பள்ளிவாசலும் நகரவில்லையே, மச்சான். அதே தெருவுக்குக் காலடி கூடினால், எடுத்து வைக்கும் அடி சிறுத்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அந்தப் பழைய முழங்கால் வலி திரும்பி, காலை இழுத்து இழுத்தா நடக்கிறீர்கள்? அடுப்படியில் திரும்பி நின்று அழுதேன்.

காரைக்குடி டாக்டரிடம் முழங்காலைக் காட்டுங்கள். பஸ் வேண்டாம், ஆட்டோவில் போங்கள். அதுவரை வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து தொழுங்கள். பிள்ளைக்கு விரிக்க உங்கள் பழைய கைலி ஒன்று கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம், நான் துவைத்துக்கொள்கிறேன்.

பிள்ளை அழுகிறது. இது கிடைத்த மறுநாள் காலை என் போனில் எண் எதுவும் வராவிட்டால் பயப்பட மாட்டேன். என் பேச்சைக் கேட்டீர்கள் என்று எழுதிக்கொள்வேன்.

மைமூன்