சேஸிஸ் நம்பர் மேல் அடித்த கறுப்பு பெயிண்ட்

ஜோகுபாளையம், பெங்களூரு
12 நவம்பர் 2025

அன்புள்ள ரக்ஷிதாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே சௌக்கியம். நீயும் ஆக்லாந்தில் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, ஏனென்றால் உன் உடம்பு நிலவரம் எனக்கு அப்பா வழியாகத்தான் வருகிறது. போன மாதம் உனக்குத் தொண்டை கட்டியிருந்த செய்தி, அது சரியாகி நான்கு நாள் கழித்து, அவர் இட்லி சாப்பிடும்போது எனக்குக் கிடைத்தது. கார் எஃப்.சி. பாஸானது உனக்குத் தெரியும், அப்பா ஆர்.டி.ஓ. ஆபீசில் நின்றபடியே போன் செய்தார். ஆனால் அதற்கு முன் அது ஏன் ஒரு தடவை திரும்பி வந்தது என்று அவர் உனக்குச் சொன்ன கதையில் ஒரு பொய் இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் எனக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். பேசி முடித்ததும் திரையில் வருகிறது, நான் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன்.

பதினைந்து வருடம் முடிந்துவிட்டது, பரிசோதனைக்குக் கொண்டுபோய் எஃப்.சி. வாங்காமல் இனி ரோட்டில் ஓட்டக்கூடாது என்று தெரிந்த அன்றே, விற்றுவிடலாம் என்று நான் சொன்னேன். நீங்கள் இருவரும் கேட்கவில்லை. டிசம்பரில் நீ வந்திருக்கும் பன்னிரண்டு நாளும் இந்தக் காரைத்தான் ஓட்டுவேன் என்றாயாம். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பதினொரு மணிக்கு அப்பா போனை காம்பவுண்டுச் சுவரில் சாய்த்து வைத்து, பக்கெட்டும் துணியுமாக நிற்பார், நீ அங்கிருந்து வேலை வாங்குவாய். ஒரு நாள், ஸ்டெப்னிக்கு அடியில தண்ணி நிக்குதா பாருங்கப்பா என்றாய். இன்னொரு நாள், அந்த ஃப்ளோர் மேட்டைத் தூக்குங்க, அதுக்கடியில ஒரு விவசாயமே நடக்குது என்றாய், அவர் சிரித்த சிரிப்பில் மாடி வீட்டு ஆஞ்சலா எட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய ஃபிலிமை நகத்தால் சுரண்டாதீர்கள், ஹேர் ட்ரையர் காட்டி உரியுங்கள் என்று நீ சொல்லி, என் ஹேர் ட்ரையர் போயிற்று. ஆயுத பூஜைக்கு அவர் வருடா வருடம் வைத்த குங்குமமும் சந்தனமும் நம்பர் பிளேட்டில் கல்லாகிக் கிடந்ததை எடுக்க ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கடைசியில் அவர் ஈரக்கையோடு போனைக் கொண்டுவந்து நீட்டுவார். நீ சாப்ட்டியாமா, மாத்திரை போட்டியா, சரிம்மா அடுப்புல இருக்கு, அப்புறம் பேசறேன் என்பாய். அவரோடு ஒரு மணி ஏழு நிமிடம் பேசிய பிறகுதான் உன் அடுப்பு உனக்கு ஞாபகம் வரும்.

ஐம்பதை நெருங்குகிற ஒருத்தி கட்டிய கணவன் மேல் பொறாமை என்று எழுதுவது அழகாக இல்லை. வேறு வார்த்தை இருக்கிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன், இல்லை. உனக்கு அவரோடு பேச விஷயம் இருக்கிறது, என்னோடு விசாரிப்பு மட்டும்தான் இருக்கிறது. நானும் அதிகம் பேசுகிறவள் இல்லை, அது என் குறைதான். ஆனால் தெரிந்து வைத்திருப்பதால் வலிக்காமல் இருக்கிறதா என்ன.

நவம்பர் இரண்டாம் தேதி நீ அவரிடம், போனட்டை அடுத்த ஞாயிறு திறக்கலாம்பா, எஃப்.சி. தேதிக்கு முன்னாடி அது ஒண்ணுதான் பாக்கி என்றாய். பரிசோதனை ஆறாம் தேதி வியாழக்கிழமையே என்பது உங்கள் இருவருக்குமே நினைவில்லை. எனக்கு இருந்தது. சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை எனக்குக் கல்லூரியில் லேப் இல்லை, அப்பா சைட்டுக்குப் போனதும் நானே போனட்டைத் திறந்தேன். வைப்பருக்கு அடியில் மக்கிப்போன இலை ஒரு முறம் இருந்தது, பேட்டரி ஓரம் எலி ஏதோ கூடு கட்டப் பார்த்திருந்தது. எல்லாவற்றையும் எடுத்து, ஒயர் நனையாமல் ஈரத்துணியால் துடைத்தேன். எஞ்சினுக்குப் பின்னால் சுவர் மாதிரி இருக்கிற தகட்டில் ஒரு கையகலத்துக்குத் துருவும் அழுக்கும் ஏறியிருந்தது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. வாசல் கேட்டுக்கு அடித்த கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் டின்னில் மிச்சம் இருந்தது, அதை அதன் மேல் இரண்டு கோட்டாக அடித்துவிட்டேன். பளபளவென்று ஆயிற்று. போட்டோ எடுத்தேன். உனக்கு உடனே அனுப்பவில்லை. ஞாயிறு என் முறை வரும்போது காட்டினால் மூன்று நிமிடம் ஐந்தாகும் என்று வைத்துக்கொண்டேன். சாயங்காலம் அப்பா பார்த்துவிட்டு, பரவாயில்லையே, ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி இருக்கு என்றார்.

நான் பெயிண்ட் அடித்த இடத்தில்தான் சேஸிஸ் நம்பர் பொறித்திருந்தது. எம்.எஸ்ஸி. படித்தவள், தினமும் பிள்ளைகளிடம் பாட்டிலின் லேபிளைப் படிக்காமல் கை வைக்காதே என்று கத்துகிறவள், துருவுக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. வியாழக்கிழமை அப்பாவும் மெக்கானிக் மஞ்சுநாத்தும் வண்டியைக் கொண்டுபோனார்கள். லைட், ஹாரன், பிரேக் எல்லாம் சரி. கடைசியில் இன்ஸ்பெக்டர் அந்த இடத்தில் ஒரு காகிதத்தை வைத்துப் பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்திருக்கிறார், நம்பர் அச்சு எழும்ப வேண்டும், வெறும் கறுப்புதான் வந்தது. ஏனு சார் இது, நம்பர் எல்லி, என்ன இது, நம்பர் எங்கே என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறார். நம்பரை மறைத்துக்கொண்டு வருகிற வண்டி என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான் என்றும் சொல்லியிருக்கிறார். முப்பது வருடம் கட்டடம் கட்டி நாலு பேரிடம் நல்ல பெயர் எடுத்த மனிதர், அத்தனை பேர் நடுவில் திருட்டு வண்டிக்காரரைப் போல நின்றிருக்கிறார். மஞ்சுநாத்தான், சார் இவரு திருடற ஆளா, முன்னாடி மாடு நின்னாக்கூட ஹாரன் அடிக்கக் கூச்சப்படுவாரு என்று சொல்லி இன்ஸ்பெக்டரைச் சிரிக்க வைத்து, திங்கட்கிழமை சுத்தம் செய்துகொண்டு வாருங்கள் என்ற அளவில் முடித்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரக்ஷிகிட்ட நான்தான் அடிச்சிட்டேன்னு சொல்லிட்டேன் என்றார். ஏன் என்று கேட்டேன். நீ எதுக்கு அவகிட்டப் பேச்சு வாங்கணும் என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் ஞாயிறு அன்று நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக உன் குரல் வந்தது. அப்பா, நீங்க இன்ஜினியரா இல்ல கார் திருடனா, உங்ககிட்ட பெயிண்ட் டின்னைக் குடுத்தது யாரு, அம்மா பாத்துட்டா இருந்தாங்க என்று கேட்டாய். பத்து நிமிடம் விடாமல் அவரை ஓட்டினாய். அவரும் தலையாட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பத்து நிமிடம் என்னுடையது ரக்ஷி. நான் செய்த தப்புக்கு நீ திட்டிய திட்டு, அதுவும் அவர் பங்குக்குப் போய்விட்டது. கத்தியை வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். அன்று போன் என்னிடம் வந்தபோது நான் சரியாகப் பேசவில்லை, நீ தலைவலியா என்று கேட்டாய். இல்லை.

மதியம் பெயிண்ட் தின்னரும் பஞ்சும் பழைய டூத் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். அப்பா கூட வந்தார், வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். கம்பி பிரஷ் போட்டால் எழுத்தே தேய்ந்துவிடும், அதனால் மெதுவாகத்தான் செய்ய முடிந்தது. ஆஞ்சலா மாவு அரைத்துக்கொண்டு வந்தவள், என்னக்கா, காருக்குப் பல்லு வெளக்கி விடறீங்களா என்று கேட்டுவிட்டுப் போனாள். இரண்டரை மணி நேரத்தில் பதினேழு எழுத்தும் வெளியே வந்தன. ஒன்பதாவது மட்டும் எட்டா மூன்றா என்று தெரியவில்லை. நானே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தேன், எட்டு. ஆர்.சி.யிலும் எட்டு. திங்கட்கிழமை நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். இன்ஸ்பெக்டர் அச்செடுத்து, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டு, சரி இதே, சரியாக இருக்கிறது என்றார். பெயிண்ட் அடித்தது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். என் அரைகுறைக் கன்னடத்தில்தான் சொன்னேன், சிரிப்பை அடக்க அப்பாவுக்கு வேறு பக்கம் பார்க்க வேண்டியிருந்தது. ஐந்து வருடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்பா உனக்குப் போன் செய்யப் போனார், பெயிண்ட் விஷயத்தை நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன். எழுதறியா, லெட்டரா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நான் எடுத்த அந்தப் பென்சில் அச்சை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டு. சுருக்கமாக வேண்டாம், அவரைத் திட்டிய அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். என் எண்ணுக்கே கூப்பிடு, அடுப்பை அணைத்துவிட்டுக் கூப்பிடு.

தொண்டைக்கு ராத்திரி தயிர் சாப்பிடாதே. உன் காருக்கும் அங்கே பரிசோதனை வரும், எதையும் தேய்ப்பதற்கு முன் அது என்னவென்று பார். கடவுள் விஷயத்தில் என் அபிப்பிராயம் உனக்குத் தெரியும், ஆனாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று மனசார நினைக்கிறேன், யார் கேட்டுக் கொடுத்தாலும் சரி. பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வை, பெட்டியில் வைக்காதே. இன்னொன்று. ஏர்போர்ட்டிலிருந்து வரும்போது நீதான் ஓட்டப் போகிறாய் என்று அப்பா சொன்னார். முன் சீட்டில் நான்தான் உட்காருவேன். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை, நீயே சொல்லிவிடு.

ஆசிகளுடன்,
அம்மா