வீட்டுக்காரருக்கு ஐந்து ஊசி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

"நர்ஸுக்கு வீடு கிடையாது, வியாதி ஒட்டிக்கும்" என்று முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினாரே ஒரு வீட்டுக்காரர், அவரை அவர் வளர்த்த நாயே கடித்துவிட்டது. இந்த வட்டாரத்தில் நாய்க்கடி ஊசி எங்கள் கிளினிக்கில்தான். போடுவது நான்! கடிவாயைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஊசியை எடுத்தேன்.

"மெதுவா குத்தும்மா" என்றார்.

"என் கை படும், ஒட்டிக்குமே. பரவாயில்லையா?"

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

நேற்று நான்காவது ஊசி. "மாடி ரூம் காலியாத்தான் இருக்கு, வந்துடேன்" என்று குழைந்தார்.

"எனக்கு கிளினிக் ஸ்டோர் ரூமே போதும்" என்றேன்.

என் பழைய போர்வையை அனுப்பு, தரை சில்லென்று இருக்கிறது. அவருடைய கடைசி ஊசிக்கு இன்னும் இரண்டு வாரம். அதற்கப்புறம் இங்கே எனக்குச் சண்டை போடக்கூட ஆளில்லை.

டோக்கன் கூப்பிடுகிறார்கள், வருகிறேன்.

உன் மகள்